தீவுல ஒண்ணுமே இல்லையாம்!
அந்தமான் போய் வந்த நம்ம செட்டு சேலம் அஸ்தம்பட்டி டீக்கடையில் உட்கார்ந்து "ராஸ் தீவுல ஒண்ணுமே இல்லடா" என்று சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எப்படித் தெரியும்? இறங்கியதிலிருந்து மானோடு செல்ஃபி, நான் சர்ச் இடிபாட்டை மரவேர்கள் கவ்வியிருப்பதை நின்று பார்த்தால் "போட்டுக்கு நேரமாச்சு, வாடா"! ஆங்கிலேயர் தலைமையிடமாக இருந்து, 1941 நிலநடுக்கத்தில் அடிவாங்கி, 1942-ல் ஜப்பானியர் கைக்குப் போன தீவு (2018-ல் நேதாஜி பெயர் வைத்தார்களே, அதேதான்). ஜப்பானியர் கட்டிய பதுங்கு குழி இன்னும் நிற்கிறது, அதற்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆக்கிரமிப்பில் அந்தமான் மக்கள் பசியிலும் சித்திரவதையிலும் செத்திருக்கிறார்கள். செல்ஃபிதான் வேண்டுமென்றால் ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் போதுமே, கடல் தாண்டி எதற்கு வந்தீர்கள்?