சதுர அலையை விட சைன் அட்டவணையே மேல்

உங்கள் கட்டுரையில் அர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையின் இரண்டு பின்களில் சதுர அலை எழுப்பி, ரெசிஸ்டர் வழியாகக் கலந்து டிடிஎம்எஃப் ஒலி (தொலைபேசி பட்டனை அழுத்தினால் வரும், இரண்டு அதிர்வெண் சேர்ந்த ஒலி) உருவாக்கியிருக்கிறீர்கள். ஸ்பீக்கரில் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சதுர அலையோடு மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் ஒட்டிக்கொண்டு வரும். 697 ஹெர்ட்ஸுடன் 2091-ம் சேர்ந்தே போகும்.

இதைத் தவிர்க்க, சைன் அலையின் ஒரு சுற்றை 256 மதிப்புகளாக எழுதிவைத்த ஒரே அட்டவணையும் இரண்டு 16 பிட் கவுண்டர்களும் போதும். இன்டரப்ட் (குறித்த இடைவெளியில் தானே ஓடும் சிறு நிரல்) விநாடிக்கு 31,250 முறை வந்தால், ‘5’ பட்டனுக்கு (770, 1336 ஹெர்ட்ஸ்) ஒவ்வொரு முறையும் ஒன்றில் 1615, மற்றதில் 2802 கூட்டுங்கள். மேல் 8 பிட்தான் அட்டவணை எண். எடுத்த இரண்டு மதிப்புகளின் சராசரியை பிடபிள்யூஎம்முக்கு (துடிப்பின் அகலத்தை மாற்றி மின்னழுத்த அளவைத் தரும் வெளியீடு) கொடுங்கள். அதிர்வெண் பிசகு மிகச் சொற்பம். வெளியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்து வடிகட்டினால் பிடபிள்யூஎம் இரைச்சல் பெருமளவு அடங்கும். நீண்ட தொலைபேசி லைனில் உயர் அதிர்வெண்ணே அதிகம் தேயும், அதனால் 1336-ஐக் கொஞ்சம் தூக்கலாகவே வையுங்கள்.