ரிமினிக்குப் பிப்ரவரியில் போங்கள்

இத்தாலியில் இருக்கிற நம்மவர்கள் கடற்கரைக்குப் போக ஆகஸ்ட் வரும்வரை காத்திருக்கிறார்கள். அப்புறம் கூட்டத்தில் சிக்கி, காசைக் கொட்டி, வெயில் தாங்காமல் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். கடலில் குளிக்கத்தான் வேண்டும் என்றால் சரி, கோடைதான். நடக்கவும், பிள்ளைகள் ஓடவும், பெரியவர்கள் காற்று வாங்கவும் ஒரு கடல் வேண்டும் என்றால் குளிர்காலத்தில் கிழக்குக் கடலோர ஊரான ரிமினிக்குப் போங்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போலோனியாவிலிருந்து சாதாரண ரயிலிலேயே போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம். ஸ்டேஷனிலிருந்து கடலுக்கு நடக்கிற தூரம்தான், ஏற்ற இறக்கமே கிடையாது. முழங்கால் வலியோடு அம்மா, தள்ளுவண்டியில் சின்னவள் என்று கிளம்பிய எங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

இங்கே கடற்கரை மட்டும் சுமார் 15 கிலோமீட்டர் நீளம். 1843-ல் முதல் குளியல் நிலையம் திறந்தார்கள். இன்று மணலில் பெரும்பகுதி ‘பாஞ்ஞோ’ என்கிற குத்தகை இடங்களாக எண் போட்டுப் பிரித்துக் கிடக்கிறது. கோடையில் ஒரு குடைக்கும் இரண்டு சாய்வுப் படுக்கைக்கும் நாள் வாடகை கொடுக்க வேண்டும், முன்வரிசை வேண்டுமானால் இன்னும் கூட. பிப்ரவரியில் குடை ஒன்றுகூட இருக்காது. உடை மாற்றும் கேபின்கள் பூட்டிக் கிடக்கும். கடல் சீறி வந்தால் தடுக்க மணலையே வயல் வரப்பு மாதிரி உயரமாகக் குவித்து வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிப் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் மணல், சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் தாத்தாக்கள், நாயோடு நடப்பவர்கள், அவ்வளவுதான். என் பெண்கள் கிளிஞ்சல் பொறுக்கிப் பொறுக்கி அப்பாவின் கோட்டுப் பையை நிரப்பினார்கள், விரல் விறைத்துப்போன பிறகும் வரமாட்டோம் என்றார்கள்.

இந்தக் கடற்கரை வருடம் முழுக்க இப்படித் திறந்து கிடக்க வேண்டும் என்பது என் கட்சி. மணல் அரசாங்கத்துடையது, குத்தகை மட்டும் தலைமுறை தலைமுறையாக அதே குடும்பங்களிடம். இப்படிப்பட்ட உரிமங்களைப் போட்டி வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே ஐரோப்பிய ஒன்றியம் விதி கொண்டுவந்துவிட்டது. எந்த அரசு வந்தாலும் தள்ளிப்போட்டது. கடைசியாக 2027 செப்டம்பர் வரை நீட்டித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் பிழைப்பும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுக்காமல் துண்டு விரித்து உட்கார நல்ல இடம் வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசையா?

ஊருக்குள்ளும் போங்கள், கடலோடு திரும்பிவிடாதீர்கள். கி.மு. 27-ல் ரோமானியர்கள் எழுப்பிய அகஸ்டஸ் வளைவு இருக்கிறது. கி.பி. 21-ல் கட்டி முடித்த திபேரியஸ் பாலம் இருக்கிறது, ஐந்து வளைவுகள், வெள்ளைக் கல். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது, ஆனால் பாலம் நின்றது. சில வருடங்களுக்கு முன்புவரை அதில் கார்கூட ஓடியது. அம்மா கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “நம்ம கல்லணை மாதிரி இன்னும் வேலை செய்யுதே” என்றார். பாலத்தைத் தாண்டினால் மீனவர் குடியிருப்பாக இருந்த போர்கோ சான் ஜூலியானோ. சின்னச் சின்ன வண்ண வீடுகள், சுவர்களில் இந்த ஊரில் 1920-ல் பிறந்த இயக்குநர் பெலினியின் நினைவாக ஓவியங்கள்.

சாப்பாட்டுக்குப் பியதினா என்கிற தட்டை ரொட்டி. ரிமினிப் பக்கம் மெல்லிசாக, அகலமாகத் தேய்ப்பார்கள். கடைக்காரம்மா சூடான தட்டில் போட்டு, உப்பி வரும் கொப்புளங்களை முள்கரண்டியால் குத்திக் குத்தித் திருப்பினார். உள்ளே ஸ்குவாக்குவெரோனே என்கிற குழைவான சீஸும் ருக்கோலா கீரையும். சைவக்காரர்கள் கவனியுங்கள்: மாவில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் பல கடைகளில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கடலோர ஓட்டல்கள் பலவும் சாத்தியிருக்கும். பாஞ்ஞோக்கள் பூட்டியிருப்பதால் அங்குள்ள கழிப்பறைகளும் கிடையாது. பிள்ளைகளை ஸ்டேஷன் பக்கக் காபிக் கடையிலேயே கூட்டிப் போய்விட்டு நடக்க ஆரம்பியுங்கள். காற்று காதைப் பிய்க்கும், குல்லாய் அவசியம். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் காலை ரயிலையே பிடியுங்கள்.