பாட்டை ஓட்டிவிட்டு எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் 'வர்சிட்டி ஷோ' படத்தைத் திரையிட்டபோது, நேரமில்லை என்று ஒரு பாட்டை ரிமோட்டை அழுத்தி வேகமாக ஓட்டிவிட்டார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். படம் பார்க்கும் எங்கள் குழுவில் நேற்று ராத்திரி வரை ஓடிய சண்டையைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் "ஒரு பாட்டுக்குப் போய் இவ்வளவு அலப்பறையா" என்று ஒருவர் எழுதி, அதற்கு 23 பேர் சிரித்துவைத்திருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆமாம், ஒரு பாட்டுக்குத்தான்.

'வர்சிட்டி ஷோ' 1937-ல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த மியூசிக்கல் காமெடி. கதை என்று பார்த்தால் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். வின்ஃபீல்ட் கல்லூரியில் மாணவர்கள் வருடாந்திர மேடை நிகழ்ச்சி போட வேண்டும். பழைய பாணியை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார் பேராசிரியர். நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் வரிசையாக மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கும் முன்னாள் மாணவரை (நடிகர் டிக் பவல்) கூட்டி வருகிறார்கள். கடைசியில் நியூயார்க்கில் ஒரு தியேட்டரைப் பிடித்து நடத்திக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான். இந்தக் கதைக்காக அன்றைக்கு ஒருவரும் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார்கள். ஃப்ரெட் வேரிங்கின் வாத்தியக் குழுவுக்காக வாங்கினார்கள். ரிச்சர்ட் வைட்டிங் இசைக்கும் ஜானி மெர்சர் வரிகளுக்கும் வாங்கினார்கள். முடிவில் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி ஆட்களையே புள்ளியாக வைத்துக் கோலம் போடுவாரே, அதற்காக வாங்கினார்கள். அந்தக் கடைசிக் காட்சி நடன அமைப்புக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

அந்தப் படத்தில் பாட்டை ஓட்டிவிட்டுக் கதையைப் பார்ப்பது, கச்சேரிக்குப் போய்ப் பாட்டு நடக்கும்போதெல்லாம் சபா கேன்டீனில் உட்கார்ந்திருந்துவிட்டு, பாடகர் தண்ணீர் குடிக்கும்போது மட்டும் உள்ளே வந்து பார்ப்பது மாதிரி.

ரிமோட் வைத்திருந்தவர் ஓட்டியது எந்த இடத்தை என்று சிரித்த 23 பேருக்கும் தெரியுமா? பக் அண்ட் பபிள்ஸ் என்ற ஜோடி வரும் இடம். பியானோவில் பக் வாஷிங்டன், ஆடுவது ஜான் பபிள்ஸ். இரண்டு பேரும் கருப்பினக் கலைஞர்கள். பபிள்ஸ் யார் என்றால், 1935-ல் இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' ஓபரா முதன்முதலில் மேடையேறியபோது ஸ்போர்ட்டின் லைஃப் வேடம் கட்டியவர். காலணியால் தரையில் தட்டித் தாளம் போடும் டேப் டான்ஸ் பெரும்பாலும் கால்விரல் நுனியின் வேலையாக இருந்த காலத்தில், குதிகாலை இறக்கித் தட்டியவர். எல்லோரும் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது இவர் வேகத்தை இறக்கினார். இறக்கியதில் கிடைத்த இடைவெளியில் கூடுதலாகத் தட்டுகளைப் போட்டு நிரப்பினார். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலப்பிரமாணத்தைத் தணித்துவிட்டு நடையில் வித்தை காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்த்தது, திரையில் ஓர் உருவம் கொசு மாதிரித் துள்ளியதை. சத்தமே இல்லை. காதால் பார்க்க வேண்டிய நடனம் அது.

"ஹாலை எட்டு மணிக்குப் பூட்டணும் சார், நேரமில்லை." சரி, நியாயம். வாட்ச்மேன் பாவம், அவரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் படத்துக்கு முன்னால் 35 நிமிடம் முன்னுரை ஆற்றியது யார்? உலக சினிமா, வாழ்க்கை, தன் பாரிஸ் பயணம் என்று. அதில் ஒரு வாக்கியத்தையாவது யாராவது ஓட்டிவிட்டார்களா?

எனக்கு இந்த 'நேரமில்லை' புதிதில்லை. கல்லூரியில் மூன்றாம் வருடம், ஆண்டு விழா. நாங்கள் ஆறு பேர், நாற்பது நாள் ஒத்திகை, 12 நிமிட நடனம். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அவர் பேச்சில் ஒரு நிமிடம் குறையவில்லை, எங்கள் 12 நிமிடம்தான் மொத்தமாகக் குறைந்துபோனது. அம்மா இரண்டு பஸ் மாறி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேக்கப்போடு பக்கவாட்டில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் விடுதியில் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்தேன். அதை ஏன் இங்கே சொல்கிறேன்? தெரியவில்லை. வந்துவிட்டது, இருக்கட்டும்.

அடுத்து ஒரு தோழர். "அந்தப் படமே இனவெறிப் படம், பபிள்ஸுக்குத் துப்புரவாளர் வேடம், அதைப் போய்க் கொண்டாடுகிறீர்களே." தோழரே, அது எனக்கும் உறுத்துகிறது. அந்தக் கல்லூரியில் படிப்பவர்கள் வெள்ளைப் பிள்ளைகள். அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிடும் ஆட்டக்காரருக்கு ஹாலிவுட் கொடுத்தது துடைப்பம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அநியாயத்துக்கு நடுவில் அந்த மனிதர் தனக்கென்று பிடித்த இடம் அந்தச் சில நிமிடங்கள்தானே? துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஓட்டிவிடுவது எந்த ஊர் முற்போக்கு?

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1940-களில் எம்ஜிஎம் ஸ்டுடியோ படங்களில் கருப்பினப் பாடகி லீனா ஹார்னின் பாட்டுகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்கள் கருப்பினப் பெண் வரும் பகுதியை வெட்டி எறிந்தாலும் கதை குலையக் கூடாது என்பதற்காக. "கதைக்குத் தேவையில்லாத பாட்டு" என்று குழுவில் நீங்கள் சுலபமாக எழுதினீர்களே, அந்தத் தேவையில்லாமை இப்படியும் தயாரிக்கப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டை அழுத்தியவரை அந்தத் தியேட்டர்காரர்களோடு நான் ஒப்பிடவில்லை. (ஒப்பிடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.)

'வர்சிட்டி ஷோ' வந்தபோது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படம். 1942-ல் மறுபடி வெளியிட 80 நிமிடமாக நறுக்கினார்கள். நறுக்கியது திரும்பக் கிடைக்கவேயில்லை. நமக்கு மிச்சமிருப்பதே அந்த 80 நிமிடம்தான். அதிலும் உங்களுக்கு அவசரம்.

"நம்ம ஊர் படத்தைப் பேசாமல்" என்று ஆரம்பிப்பவர்களுக்குப் பதில் இல்லை.

"நீங்க ரொம்ப சென்சிட்டிவ் சார்" என்று தனிச்செய்தி அனுப்பியவருக்கு: இருக்கலாம். ஆனால் படம் இருந்த அந்த பென்டிரைவ் என்னுடையது. தயவுசெய்து புதன்கிழமைக்குள் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அதில் இன்னும் நான்கு படம் இருக்கிறது, எல்லாவற்றிலும் பாட்டு உண்டு.