முதலில் ஒரு மாதச் செலவு போதும்

பொருளாதார மந்தநிலைக் காலத்தில் பணத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருக்க வேண்டும் என்கிறது அது. சரிதான். ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இதைப் படிப்பவருக்கு ஆறு மாதம் என்பதே மலைப்பாக இருக்கும். ஒரு மாதச் செலவைச் சேர்த்தாலே தூக்கம் கொஞ்சம் திரும்பும். 2009-இல் வேலையிழந்து ஐந்து மாதம் வீட்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கடன் அட்டையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அதுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். எதுவும் கட்டாமல் விட்டால், அபராதத்தைச் சேர்க்காமலே, வட்டிக்கு வட்டி ஏறி 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அசல் அசையாது. தவணை தவறும் முன்பே வங்கியிடம் போய்ப் பேசுங்கள். நான் வெட்கப்பட்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டேன், இன்றும் வருந்துகிறேன்.

பங்குச்சந்தையில், 2007 அக்டோபருக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையே அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பாதிக்கு மேல் சரிந்தது. 2013-இல் பழைய உச்சத்தைத் தாண்டியது. காத்திருக்க முடிந்தவர்கள் மீண்டார்கள். வாடகைப் பணத்தை அங்கே போட்டவர்களால் காத்திருக்க முடியவில்லை.

இன்னொன்று, வீட்டில் மறைக்காதீர்கள். மனைவியிடம் கணக்கு நோட்டை விரித்துக் காட்டிய இரவுதான் எனக்கு மூச்சே வந்தது. எதைக் குறைக்கலாம் என்று மறுநாள் அவளே பட்டியல் போட்டு வைத்திருந்தாள்.