கிணற்றை விட்டுவிட்டுச் சுவரைப் படம் பிடிக்கிறோம்

போன ஞாயிற்றுக்கிழமை உச்சிப்புளி தாண்டி, கடல் பக்கம் இறங்குகிற ஒரு மண் ரோட்டில் போய்ப் பழைய தோட்ட பங்களா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த முகூர்த்தத்துக்குள் பத்து ஜோடி கல்யாண போட்டோ எடுக்க வந்து நிற்கும். ஏற்கெனவே ஒருத்தன் தூணில் தன் பெயரையும் ஒரு பெண் பெயரையும் கரியால் எழுதி, நடுவில் அம்பு விட்டிருக்கிறான்.

இலங்கையோடு யாவாரம் செய்த குடும்பம் கட்டிய வீடு என்று ஊரில் சொல்கிறார்கள். மேல்தளம் இல்லை. தேக்கு உத்திரமெல்லாம் என்றைக்கோ வண்டி ஏறிவிட்டது. 1964 டிசம்பர் புயலில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இல்லையாம். தனுஷ்கோடியை முழுங்கிய அந்தப் புயலில் இங்கே ஓடுகள் மட்டும் பறந்தனவாம். வீட்டைச் சாய்த்தது பங்காளிச் சண்டை. கேஸ் முடியும்வரை யாரும் ஒரு கூடை சுண்ணாம்பு பூசக்கூடாது, கதவு ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போவதற்கு மட்டும் தடை இல்லை போல.

பூச்சு உதிர்ந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். செங்கல் இல்லை, பவளக்கல். நெருக்கமாகச் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் பதிந்த மாதிரி இருக்கிறது, தடவினால் அரம் மாதிரி விரலைப் பிறாண்டுகிறது. இந்தக் கடற்கரையில் பல பழைய கட்டடங்கள் இப்படிக் கடலிலிருந்து வெட்டி வந்த கல்லில் எழும்பியவைதான். பார்க்க அழகு. ஆனால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன, அதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணம். பவளத்தில் கை வைக்க இப்போது சட்டம் விடாது, விடவும் கூடாது. "பழையபடியே கட்டி நிறுத்தணும்" என்று சொல்கிறவர்கள் எந்தக் கல்லை வைத்துக் கட்டுவார்களாம்? எனக்கு அந்தச் சுவர் மேல் பெரிய ஆசை இல்லை. விழுந்தால் விழட்டும். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

நான் அரை நாள் உட்கார்ந்தது பின்னால் இருந்த தோட்டத்தில். இப்போது முக்கால்வாசி சீமைக்கருவேலம். முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனால் இரண்டு வரிசைப் புன்னை, ஒரு மகிழமரம், இரண்டு நாவல். மூலையில் பீப்பாய் மாதிரி அடிமரத்தோடு ஒரு ஆனைப்புளி. மன்னார்ப் பக்கம் இதைப் பெருக்கமரம் என்பார்கள். ஆப்பிரிக்காவின் மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று பரவலாகச் சொல்வதுண்டு. பூ ராத்திரியில்தான் விரியும், தேன் குடிக்க வௌவால் வரும். மரங்களுக்கு நடுவே காலில் ஏதோ தட்டியது. மணலைத் தள்ளிப் பார்த்தால் காரையில் கட்டிய ஒரு சாண் அகல வாய்க்கால். ஒவ்வொரு தூருக்கும் ஒரு கிளை பிரிகிறது. தள்ளிக்கொண்டே போனேன். ஒரு கிணற்றடியில் போய் நின்றது.

அங்கே ஆடு மேய்க்கிற அப்பத்தா ஒருவர் பனையோலைப் பட்டையில் இறைத்துக்கொண்டிருந்தார். "குடிச்சுப் பாருப்பா" என்று நீட்டினார். அலைச் சத்தம் கேட்கிற தூரம், தண்ணீரில் உப்பு துளிகூட இல்லை.

"எங்கய்யா இங்க ஏத்தம் மிதிச்சவரு. காலையில கொஞ்ச நேரம், பொழுது சாய கொஞ்ச நேரம். அதுக்கு மேல இறைச்சா கெணறு கோவிச்சுக்கும்பாரு. அந்தா, அந்தப் பக்கத்துக் கொல்லையில மோட்டார் போட்டாக. மூணாம் வருசம் ஆடுகூட வாய் வைக்கல."

கிணறு கோபித்துக்கொள்வது இப்படித்தான். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. மணலில் இறங்கிய மழை, அடியிலிருக்கும் கடல் தண்ணீர் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் இறைக்கிற வேகத்துக்கு மழை ஈடு கொடுத்தது, மோட்டாருக்கு முடியவில்லை. தள்ளுவண்டியில் குடம் அடுக்கி நல்ல தண்ணிக்கு அலைகிற மாவட்டத்தில் இந்தக் கிணறு இன்னும் இனிக்கிறதே, இதைவிடப் பெரிய புராதனச் சின்னம் அந்த வளாகத்தில் எது?

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து, 1713 முதல் 1725 வரையிலான ஓவியங்களை இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். சுவருக்கு இப்படி ஏதோ ஒரு துறை வந்துவிடுகிறது. தோட்டம் என்றால் அது காலி இடம், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய நந்தவனத்தை இப்படித்தான் 'அழகுபடுத்தினார்கள்'. கருவேலம் எடுக்க ஜேசிபி வந்தது, கூடவே மூன்று இலுப்பையும் போனது. அப்புறம் பேவர் பிளாக், சிமெண்ட் மான், நீரூற்று. நீரூற்று திறப்பு விழா அன்றைக்கு ஓடியது. கிணற்றுக்குக் கம்பிவலை போட்டார்கள், இன்றைக்கு வலை மேல் ஜூஸ் பாக்கெட்.

அதனால் இந்தத் தோட்டத்துக்குத் திட்டம், நிதி, அறிவிப்புப் பலகை எதுவும் வேண்டாம் என்பேன். கரிமூட்டம் போடுகிறவர்களிடம் சொன்னால் கருவேலத்தை அவர்களே வெட்டிக்கொண்டு போவார்கள், காசும் தருவார்கள். தூரை மட்டும் ஆள் வைத்துத் தோண்டணும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். கிணற்றில் ஒரு தடவை தூர் வாரணும். சுற்றி யாரும் போர் போடாமல் ஊர் பேசி வைக்கணும். பங்காளிகள் கோர்ட்டில் சுவருக்கு அடித்துக்கொள்ளட்டும்.

கிளம்பும்போது அப்பத்தா கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இன்னொரு தடவ வந்தா ஒரு பத்து மொழம் கயிறு வாங்கிட்டு வா. இது நைஞ்சு போச்சு." வாங்கி வைத்துவிட்டேன். வர்ற ஞாயிறு போகணும்.