காட்ஸில்லாவைச் சின்னப் பசங்க படம் என்று ஒதுக்காதீர்கள்

மான்ஸ்டர் படங்கள் பிடிக்கும் என்று யாரிடமாவது சொன்னால், "இன்னுமா அதெல்லாம் பார்க்குறே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆமாம், பார்க்கிறேன். பழசு, புதுசு என்று பேதமில்லாமல் பார்க்கிறேன். அதிலும் 1954-இல் வந்த ஜப்பானியக் கறுப்பு வெள்ளைப் படமான 'கோஜிரா'வை (காட்ஸில்லா என்ற ராட்சத ஜந்துவின் ஜப்பானியப் பெயர் அது; அதன் முதல் படமும் அதுதான்) ரப்பர் பொம்மைப் படம் என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால் எனக்கு மனசு ஆறாது.

அந்த வருடம் மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. வெடிப்பு அவர்கள் கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகில் இருந்த 23 பேர் மீதும் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்துபோனார். நவம்பர் 3 அன்று 'கோஜிரா' வெளியானது. படம் தொடங்கியதும் என்ன வருகிறது? கடலில் ஒரு கப்பல், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், அப்புறம் தீ. தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஜப்பானியருக்கு அதை யாரும் விளக்கவேண்டிய தேவையே இருந்திருக்காது.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா போருக்குப் போய்த் திரும்பியவர். ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்ணால் பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளம்பி வந்த கோஜிராவால் டோக்கியோ எரிந்து முடிந்ததும் படம் முடிவதில்லை. ஆஸ்பத்திரிக்குள் போகிறது. தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு குழந்தை மீது கதிரியக்கத்தைக் கண்டறியும் கைகர் கருவியைப் பிடித்துப் பார்க்கிறார்கள், அது படபடவென்று ஒலிக்கிறது. எரிகிற தெருவில் ஒரு தாய் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். இத்தனை மான்ஸ்டர் படங்கள் பார்த்தும் இந்த இரண்டு இடத்திலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, அந்த ரப்பர் உடைக்கு வருவோம். 'கிங் காங்' (1933) படத்தில் வில்லிஸ் ஓ'பிரையன் சின்ன பொம்மைகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்த வித்தையில் மயங்கியவர், 'கோஜிரா'வின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸைச் செய்த எய்ஜி சுபுராயா. அதே முறையில் எடுக்க அவருக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் மனிதனுக்கு உடை மாட்டினார்கள். முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு நடிகர் ஹருவோ நகாஜிமாவால் சரியாக நடக்கக்கூட முடியவில்லை. ஸ்டூடியோ விளக்குகளின் சூட்டில் உள்ளே வெந்துபோனார். காட்சிகளை வேகமாக ஓடும் கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டினார்கள். அந்த நடையில் தெரிகிற பாரம் பாதி கேமரா கொடுத்தது, மீதி அந்த மனிதனின் உடம்பு கொடுத்தது. அந்தக் கர்ஜனையும் எந்த மிருகத்தின் குரலும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பேஸ் என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, தோல் கையுறையால் தேய்த்து எடுத்த சத்தம் அது.

புதுப் படங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தமிழில் டப் ஆகி வந்த 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' எனக்கும் பிடித்தது, கட்டடங்கள் நொறுங்கும்போது நானும் கைதட்டினேன். ஆனால் அதில் நகரம் ஒரு குஸ்தி மேடை மட்டும்தான். அதில் குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் கேட்பதே இல்லை. அப்படிக் கேட்கிற படங்கள்தான் எனக்குள் தங்குகின்றன.

2016-இல் வந்த 'ஷின் காட்ஸில்லா' அப்படிக் கேட்கிறது. படகுகளையும் கார்களையும் தள்ளிக்கொண்டு அந்த ஜந்து ஆற்றில் ஏறி வரும் காட்சியைப் பார்க்கும்போது ஜப்பானைத் தாக்கிய 2011 சுனாமி நினைவுக்கு வராமல் போகாது. அமைச்சர்களோ ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டத்துக்கு அறை மாறிக்கொண்டிருக்கிறார்கள். பலருக்கு அந்தக் கூட்டங்கள் போரடிக்கிறதாம். என்னைக் கேட்டால் படத்தின் பயமே அங்கேதான் இருக்கிறது.

'காட்ஸில்லா மைனஸ் ஒன்' (2023) எனக்கு இன்னும் நெருக்கம். போரில் தோற்று, ராணுவமும் இல்லாமல் கிடக்கிற ஜப்பான். தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டும் உயிரோடு திரும்பிவிட்ட ஒரு விமானி. ஜந்து கரையேறுவதற்கு முன்பே அவன் நொறுங்கிப்போனவன். இயக்குநர் தகாஷி யமசாகியே விஷுவல் எஃபெக்ட்ஸையும் மேற்பார்த்தார். 35 பேர் கொண்ட குழு 610 ஷாட்களைச் செய்து முடித்தது. 2024-இல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தபோது என் வீட்டு விசேஷம் போல மகிழ்ந்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1954 படத்தை ஜப்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். 1956-இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையாளர் பாத்திரத்தைச் சேர்த்து, அணுகுண்டைப் பற்றிய பேச்சையெல்லாம் மழுப்பி ஒரு வெர்ஷன் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.