சிடிடியைக் கழுவி வைங்கப்பா!

காசிமேட்டில் படகு கரை சேர்ந்ததும் கடல் தண்ணியோட உப்பு, வெப்பநிலை, ஆழம் அளக்கிற சிடிடி கருவியைக் கழுவ மட்டும் ஆளே இருக்காது! துறைமுகத் தண்ணியில மிதக்கிற டீசல் படலம் தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு அளந்து உப்பைக் கணிக்க உதவுற கடத்துதிறன் செல்லுக்குள்ள ஒட்டி, மெட்ராஸ் வெயில்ல உப்போட சேர்ந்து காய்ஞ்சுடும். செல்லோட கண்ணாடிக் குழாய் உள்ளே அழுக்கு படிஞ்சா உப்புத்தன்மை நிஜத்தைவிடக் கம்மியா காட்டும். அப்புறம் நவம்பர், டிசம்பர்ல வடக்கிலிருந்து கரையோர நீரோட்டம் கொண்டு வர்ற உப்பு குறைஞ்ச தண்ணியா, இந்த அழுக்கா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? டேட்டாவே பாழ்.

சிரிஞ்சில டியூப் மாட்டி, 1% ட்ரைட்டான் (சோப்பு மாதிரி அழுக்கு நீக்கி) கரைசல் விட்டு அலசி, டிஸ்டில்டு வாட்டர்ல நாலஞ்சு தடவை கழுவினா போதும். இதுக்கு ஏன் இவ்வளவு சோம்பல்? சிலர் பிரஷ் விட்டுத் தேய்க்கிறாங்க, அது இன்னும் கொடுமை. செல்லுக்குள்ள மின்முனை மேல இருக்கிற பிளாட்டினப் பூச்சு போனா, மறுபடி பூசி அளவுத்திருத்தம் பண்ற வரைக்கும் கருவி முடங்கிடும்.